குளிர்க் கடல் சூடேறிய கோடை: வட பெருக் கரை, 2017

பெரு நாட்டின் வட கரையில், ட்ருஹியோ நகரை ஒட்டி, உவான்சாக்கோ என்றொரு மீனவ ஊர் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி தெற்கே, வெப்பமண்டலத்துக்குள் அடங்கிய ஊர். அட்சரேகையை மட்டும் பார்த்தால் அதன் கடல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பசிபிக்கின் எதிர்ப்பக்கத்தில், இதே அட்சரேகையில், நீர் 28, 29 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. உவான்சாக்கோவிலோ ஆண்டின் பெரும்பகுதி 16 முதல் 20 டிகிரி வரைதான். அலையில் இறங்குபவர்கள் உடலை ஒட்டிய ரப்பர் உடுப்பு அணிந்துதான் இறங்குகிறார்கள்.

ஊர் மீனவர்களில் சிலர் இன்றும் டொட்டோரா என்னும் கோரையைக் கற்றைகளாகக் கட்டிச் செய்த கலத்தில் கடலுக்குப் போகிறார்கள். முன்பக்கம் கூர்ந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். குதிரையில் ஏறுவதுபோல் இரு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, அல்லது மண்டியிட்டு, பிளந்த மூங்கிலைத் துடுப்பாகப் போட்டு அலையைத் தாண்டுவார்கள். திரும்பி வந்ததும் கலத்தைக் கரையில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுவார்கள். கோரை நீரைக் குடித்துக் கனத்துவிட்டால் சில வாரங்களிலேயே புதிது கட்ட வேண்டும். கடற்கரையை ஒட்டிய மணலில் குழி தோண்டி, நிலத்தடி நீர் ஊறும் அந்தக் குழிகளிலேயே கோரையை வளர்க்கிறார்கள். இப்படிக் கடலோடு உடம்பு ஒட்டித் தொழில் செய்கிறவருக்கு நீரின் சூட்டைச் சொல்ல வெப்பமானி தேவையில்லை. காலே சொல்லிவிடும்.

2017 ஜனவரியில் இந்தக் கரை முழுவதும் நீர் சூடேறத் தொடங்கியது. மார்ச் மாதத்தில் வட பெருவின் கரைக்கடலில் சில இடங்களில் மேற்பரப்பு வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. தென் அரைக்கோளம் என்பதால் அங்கே அப்போது கோடை. அந்தக் கோடை உச்சத்தில் வழக்கமாக 24 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும் நீர் அது. ஐந்து டிகிரி வித்தியாசம் காற்றில் என்றால் ஒரு நாள் பேச்சோடு போய்விடும். கடலில் ஐந்து டிகிரி என்றால் அந்தக் கரையின் மீனும் மழையும் தலைகீழாகும். அந்த ஆண்டு அதுதான் நடந்தது. நூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் மண்ணோடு போயின.

இந்த நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுவதற்கு அழிவின் அளவு மட்டும் காரணமல்ல. எல் நினோ என்பது பசிபிக் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு. உலகம் அதற்காகக் கண் வைத்திருந்த நடுப் பசிபிக்கில் அப்போது பெரிதாக ஒன்றுமே இல்லை. ஆபத்து கரையோரமாக வந்தது. அதைக் கரையோர வெப்பமானிகள் மட்டுமே காட்டின.

குளிர் எங்கிருந்து வருகிறது

பெருக் கரையில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி, கரைக்கு இணையாக, ஆண்டு முழுவதும் காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால் தென் அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் அதன் திசைக்கு இடப்பக்கமாக ஒதுங்குகிறது. இங்கே இடப்பக்கம் என்பது மேற்கு, அதாவது கரையை விட்டு விலகும் திசை. மேல்நீர் விலகிய இடத்தை நிரப்ப, சில பத்து மீட்டர் முதல் இருநூறு மீட்டர் வரை ஆழத்திலிருந்து நீர் மேலேறி வருகிறது. வெயில் படாத நீர் என்பதால் குளிராக இருக்கிறது. மேலிருந்து செத்து விழுந்தவை எல்லாம் ஆழத்தில் மட்கிச் சேர்ந்த சத்தும் அதில் நிறைந்திருக்கிறது. அந்தச் சத்தோடு வெயில் சேரும்போது மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. பாசியையும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களையும் நம்பி நெத்திலி பெருகுகிறது. நெத்திலியை நம்பி நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் கடற்சிங்கங்களும் வாழ்கின்றன. உலகக் கடற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பகுதி, உலகக் கடல்மீன் பிடிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தந்திருக்கிறது.

1802-இல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் ஆண்டீஸ் மலைகளைக் கடந்து ட்ருஹியோ பக்கம் இறங்கியபோது இங்கே கடலில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். 16 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டியது. வெப்பமண்டலக் கடலில் அப்படியொரு குளிரை அவர் எதிர்பார்க்கவில்லை. பிற்காலத்தில் அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. சிலியிலிருந்து வட பெருவின் பைட்டாத் துறைமுகம் வரைக்கும் உள்ள மீனவச் சிறுவர்களுக்குக்கூட முந்நூறு ஆண்டுகளாகத் தெரிந்த நீரோட்டத்தின் சூட்டைத் தான் முதலில் அளந்ததாக மட்டுமே அவர் உரிமை கொண்டாடினார். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் குளிரை அவர் விளக்கியது முழுவதும் சரியல்ல. தென் துருவப் பக்கத்திலிருந்து ஓடிவரும் நீர் என்பதால்தான் குளிர் என்று நினைத்தார். அதற்கும் ஒரு பங்கு உண்டு. கரையோரக் குளிரின் பெரும்பங்கு கீழிருந்து மேலேறும் நீரால் வருகிறது என்பது பிறகுதான் தெளிவாயிற்று.

இந்த வேறுபாட்டில்தான் 2017-ஐப் புரிந்துகொள்ளும் சாவி இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டம்தான் குளிருக்குக் காரணம் என்றால் அது ஒரு மாதத்தில் மாறிவிடாது. காற்று நாள்தோறும் செய்யும் வேலையால்தான் அந்தக் குளிர் நிலைக்கிறது. காற்று சில வாரம் ஓய்ந்தால் போதும், நிலநடுக்கோட்டு வெயிலுக்கு அந்தக் கடலைச் சூடேற்ற அதிக நாள் பிடிக்காது.

காற்று ஓய்ந்தது

2017 ஜனவரியில் தென்கிழக்குப் பசிபிக்கின் உயரழுத்த மண்டலம் வலுவிழந்தது. ஆண்டீஸ் மலைத்தொடரின் தென்பகுதியில் மோதும் மேலடுக்கு மேற்குக் காற்றும் தளர்ந்திருந்தது. இவற்றின் விளைவாகப் பெருக் கரையில் வழக்கமான தென்காற்று சுருங்கியது. தென்காற்று விட்ட இடத்தில், நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கிலிருந்து காற்று இறங்கி வந்தது. பனாமா, ஈக்வடார் பக்கத்து வெப்பமான, உப்புக் குறைந்த மேல்நீரையும் கூடவே தள்ளிக்கொண்டு வந்தது. குளிர்நீர் மேலேறுவது குறைந்தது, வெந்நீர் வடக்கிலிருந்து வந்தது, வெயிலும் கோடை உச்சத்தில் இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடின.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. மேற்குப் பசிபிக்கில் காற்று திசை மாறி வீசும்போதெல்லாம் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கிக் கெல்வின் அலைகள் கிளம்பும். இவை கரையில் மோதும் அலைபோல் உயர்ந்து வருவதில்லை. கடல் மட்டத்தை ஒரு சாண் அளவுக்குக்கூட உயர்த்தாமல், மேலுள்ள வெந்நீருக்கும் கீழுள்ள குளிர்நீருக்கும் இடையிலான எல்லையைப் பத்துக் கணக்கான மீட்டர் கீழே அழுத்திக்கொண்டு நகரும். பெருங்கடலைக் கடக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். பெருக் கரையைத் தொட்டதும் அங்கேயும் அந்த எல்லை இறங்கிவிடும். அதன் பிறகு காற்று வீசி நீரை மேலே இழுத்தாலும் வருவது குளிர்நீராக இருக்காது. 2017-இல் இத்தகைய அலைகளும் வந்து சேர்ந்தன. கரைக் காற்று தளர்ந்ததற்கு எவ்வளவு பங்கு, கெல்வின் அலைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் கணக்கு வேறுபடுகிறது. தொடக்கத்தில் காற்றும், பிப்ரவரிக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தும் வேலை செய்தன என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

சூடேறிய கடல் தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்ளும். வெந்நீருக்கு மேலுள்ள காற்று லேசாகி உயரும்; அங்கே அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி வடக்குக் காற்று இன்னும் வேகமாக வரும்; அதனால் தென்காற்று இன்னும் ஒடுங்கும். ஒரு சுற்றுக்கு அடுத்த சுற்று வலுக்கும்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் நீர் சற்றுக் குளிர்ந்தது. முடிந்துவிட்டது என்று பலரும் மூச்சு விட்டார்கள். மார்ச் பிறந்ததும் வெப்பம் முன்னைவிட வலுவாகத் திரும்பியது. மிக மோசமான மழையும் வெள்ளமும் அந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் வந்தன. ஒரு வாரத்துக் குளிர்ச்சியை வைத்து அபாயம் தீர்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கோடை முடியும்வரை, அதாவது ஏப்ரல்வரை, அந்தக் கரையில் எச்சரிக்கையைத் தளர்த்த இடமே இல்லை.

நடுக்கடல் சொன்னதும் கரை சொன்னதும்

1892-இல் கமிலோ கரியோ என்ற கடற்படைக் கேப்டன், லிமாவின் புவியியல் சங்கத்தில் பைட்டாத் துறைமுக மாலுமிகளின் அனுபவத்தை எடுத்துச் சொன்னார். கிறிஸ்துமஸை ஒட்டி வடக்கிலிருந்து வரும் வெந்நீர் ஓட்டத்தை அவர்கள் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்று அழைத்தார்கள். ஆக, பெயர் பிறந்தது கரையோரத்தில். இருபதாம் நூற்றாண்டில், அந்த வெந்நீர் பசிபிக் முழுவதும் நடக்கும் ஒரு பெரிய மாற்றத்தின் ஒரு முனை என்று தெரிந்தது. இந்தியப் பருவமழை முதல் ஆஸ்திரேலிய வறட்சி வரை பலவற்றோடும் நெருங்கிய தொடர்பு உள்ளது நடுப் பசிபிக்கின் வெப்பம்தான் என்பதும் தெரிந்தது. அதனால் உலகம் தன் அளவுகோலை நடுக்கடலுக்கு மாற்றிக்கொண்டது. மேற்கு 170 டிகிரி முதல் 120 டிகிரி தீர்க்கரேகை வரை, நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் ஐந்தைந்து டிகிரி கொண்ட நினோ 3.4 என்னும் பெட்டிதான் அந்த அளவுகோல். உவான்சாக்கோ அந்தப் பெட்டியின் கிழக்கு எல்லையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

2017 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் லா நினா, அதாவது எல் நினோவுக்கு நேரெதிரான குளிர் நிலை, முடிந்துவிட்டது, பசிபிக் நடுநிலைக்கு வந்துவிட்டது என்று அறிவித்தது. அது பொய்யல்ல. நினோ 3.4 பெட்டிக்குள் நிலவரம் அதுதான். ஆனால் அதே நாட்களில் பெருவின் கரையோரம் கொதிக்கத் தொடங்கியிருந்தது. உலக நிலவரத்தை மட்டும் பார்த்திருந்த ஒருவருக்கு, எல் நினோ என்ற பேச்சே இல்லாத ஆண்டு அது.

பெரு நாடு இதற்குத் தனி ஏற்பாடு செய்துவைத்திருந்தது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. என்ஃபென் என்ற பல்துறைக் குழு 2012-இல் கரையோர எல் நினோவுக்குத் தனி வரையறையை வகுத்தது. நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே பத்து டிகிரி வரை, மேற்கு 90 முதல் 80 டிகிரி வரை உள்ள நினோ 1+2 என்னும் பகுதியின் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்ட வரையறை அது. அதன்படி 2017 பிப்ரவரியில் கரையோர எல் நினோ எச்சரிக்கை விடப்பட்டது. ஆனாலும் முன்கூட்டிக் கணித்ததாகச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் முன்னால் பார்க்கும் கணினி மாதிரிகள் பெருங்கடலின் நீண்டகால நினைவை நம்பியவை. சில வாரங்களில் திசை மாறும் காற்றை அவற்றால் பிடிக்க முடியவில்லை. எச்சரிக்கை வந்தபோது நீர் ஏற்கெனவே சூடாகிவிட்டிருந்தது. முதல் மழைகளும் தொடங்கிவிட்டன.

உவான்சாக்கோவுக்கு வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் புவெர்ட்டோ மலாப்ரிகோ இருக்கிறது. சிக்காமா என்ற பெயரில் அலைச்சறுக்கு வீரர்களுக்குத் தெரிந்த ஊர். அறிவியலாளர்களுக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியம். 1925 முதல் அங்கே கடல் வெப்பம் தொடர்ந்து பதிவாகிறது. சராசரி 17 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த ஒற்றைப் பதிவுத் தொடர், கரையோர எல் நினோவை ஆராயும் எவருக்கும் அடிப்படைச் சான்று. ஒரு சின்ன ஊரின் படித்துறையில் எடுத்த அளவுகள் ஒரு நூற்றாண்டுக் கடலின் வரலாறாக நிற்கின்றன. விண்கோள்கள் வந்த பிறகும் இத்தகைய பதிவை யாரும் நிறுத்திவிடக் கூடாது.

பாலைவனத்தில் மழை

பெருவின் கரை பாலைவனம். அது பாலைவனமாக இருப்பதற்கும் கடலின் குளிரே காரணம். குளிர்நீருக்கு மேலுள்ள காற்று கனமாகத் தாழ்ந்து கிடக்கிறது. அதன் மேல் வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. மேகம் தாழ்வாகத் திரளும், பனித்தூறல் விழும். உயர்ந்து வளர்ந்து மழை கொட்டாது. கடல் 26, 27 டிகிரியைத் தாண்டும்போது அந்த மூடி உடைகிறது. ஈரக்காற்று நேராக மேலெழுகிறது. பக்கத்திலேயே செங்குத்தாக நிற்கும் ஆண்டீஸ் அதை இன்னும் மேலே ஏற்றுகிறது.

2017 மார்ச்சில் ட்ருஹியோ நகருக்குள் சான் இல்தெஃபோன்சோ என்ற வறண்ட ஓடையின் வழியே சேற்று வெள்ளம் ஏழு முறை புகுந்தது. அது ஓடும் ஓடையே அல்ல. எல் நினோக் காலத்தில் மட்டும் உயிர் பெறும் ஓடை. அதன் வழியில் கல்லறைத் தோட்டம் இருந்தது, தெருக்கள் இருந்தன, நகரத்தின் வரலாற்று மையம் இருந்தது. வெள்ளம் எல்லாவற்றின் வழியாகவும் போனது. மார்ச் 27 அன்று பியூரா ஆறு நொடிக்கு மூவாயிரம் கன மீட்டருக்கும் மேலான நீரோடு கரையை உடைத்துக்கொண்டு பியூரா நகரின் சதுக்கத்தை மூழ்கடித்தது. தலைநகர் லிமாவில் மழை அதிகமில்லை. ஆனால் மலையில் பெய்த மழை ஆற்றைச் சேறாக்கியதால் சுத்திகரிப்பு நிலையம் இயங்க முடியாமல், வெள்ளத்தின் நடுவே மாநகரம் குடிநீர் இல்லாமல் தவித்தது. வெள்ளம் வடிந்த பிறகு தேங்கிய நீரில் கொசு பெருகி, பியூரா மாகாணத்தில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது.

வறண்ட ஓடைப் படுகையில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்வது எளிது. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரு சொட்டு நீர் ஓடாத நிலம், நகருக்குப் பக்கத்தில், கையில் இருக்கும் பணத்துக்குள் கிடைத்தால் எந்த ஏழைக் குடும்பமும் அங்கேதான் குடிசை போடும். அந்த நிலம் ஓடை என்று தெரிந்தும் அங்கே தெருவும் மின்கம்பமும் வரவிட்டவர்கள்தான் பொறுப்பேற்க வேண்டும். 2017 ஏப்ரலில் மறுகட்டுமானத்துக்கெனத் தனி அமைப்பு சட்டத்தின் மூலம் உருவானது. செப்டம்பரில் சுமார் 2,500 கோடி சோல் (பெரு நாணயம்) மதிப்புள்ள திட்டம் ஒப்புதல் பெற்றது. பள்ளிகளும் சாலைகளும் அதில் முன்னேறின. ஓடைகளுக்கும் ஆறுகளுக்கும் வழி செய்து தரும் பணிகள்தான் மிகவும் பின்தங்கின. 2023-இல் அதே ஊர்களில் மீண்டும் வெள்ளம் புகுந்தபோது அந்தத் தாமதத்தின் விலை தெரிந்தது.

மீன்பாடு: ஒரே சூடு, வெவ்வேறு விளைவு

கடல் சூடானால் மீன் போய்விடும் என்ற பொதுக் கருத்து பாதிதான் உண்மை. சில மீன்கள் போகும், சில வரும். சில காலம் மீன்பாடு வழக்கத்தைவிட நன்றாகக்கூட இருக்கும்; ஆபத்தே அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நெத்திலி குளிர்நீர் மீன். வெந்நீர் பரவும்போது, கரையை ஒட்டி எஞ்சியிருக்கும் குறுகலான குளிர்ப் பட்டைக்குள் அது நெருக்கியடித்து ஒதுங்குகிறது. அதையும் வெந்நீர் பிடித்துவிட்டால் ஆழத்துக்குப் போகும், தெற்கே நகரும். கரைப் பட்டைக்குள் நெருங்கிக் கிடக்கும் நாட்களில் வலையைப் போட்ட இடத்தில் எல்லாம் மீன். 1972-இன் தொடக்கத்தில் இப்படித்தான் அள்ளினார்கள். 1970-இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியிருந்த பெருவின் நெத்திலிப் பிடிப்பு, 1973-இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. எல் நினோ மட்டும் செய்த வேலையல்ல அது. வெந்நீர் மீனை மூலையில் ஒதுக்கியபோது கப்பல்கள் அதை வழித்தெடுத்தன. மீளப் பல ஆண்டுகள் பிடித்தன.

2017-இல் நெத்திலித் தொழில் பெரிய அடியின்றித் தப்பியது. வெப்பம் கோடையில் உச்சம் தொட்டு, மீன்பிடிப் பருவம் தொடங்கும் ஏப்ரல் கடைசியில் தணியத் தொடங்கிவிட்டது. முதல் பருவத்துக்கு ஒதுக்கிய 28 லட்சம் டன்னில் பெரும்பகுதியைப் பிடித்தார்கள். 2023-இல் வெந்நீர் ஏப்ரலுக்குப் பிறகும் விலகவில்லை. பரிசோதனையாகப் பிடித்துப் பார்த்தபோது வலையில் வந்தவற்றில் பெரும்பான்மை முதிராத குஞ்சுகள். ஜூன் மாதத்தில் வட, மத்தியப் பகுதியின் முதல் பருவத்தை அரசு முழுவதுமாக ரத்துசெய்தது. அந்த ஆண்டு பெருவின் பொருளாதாரமே சுருங்கியது. மீன்தூள் விலை உலகச் சந்தையில் ஏறியது. கசப்பான முடிவு, ஆனால் சரியான முடிவு. 1972-இல் அப்படி ஒரு முடிவை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

எனக்கு அதிகம் வியப்பளிப்பது விசிறிச் சிப்பியின் கதை. 1982-83-இன் பெரிய எல் நினோவில் தென் பெருவின் பிஸ்கோக் கரையில் இந்தச் சிப்பி நம்ப முடியாத அளவுக்குப் பெருகியது. மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் நாடெங்குமிருந்து அங்கே குவிந்தார்கள். காரணம் இதுதான்: அந்தக் கரையில் மேலேறி வரும் ஆழ்நீர் சத்து மிகுந்தது, ஆனால் ஆக்சிஜன் மிகக் குறைந்தது. அது வருவது நின்றதும் கடலடியில் ஆக்சிஜன் கூடியது. வெப்பத்தில் சிப்பிக் குஞ்சுகள் வேகமாக வளர்ந்து அதிக எண்ணிக்கையில் பிழைத்தன. 2017-இல் வடக்கே செச்சுரா வளைகுடாவில் அதே இனச் சிப்பி, பண்ணைகளில் வளர்த்தது, பெருமளவில் செத்தது. அங்கே வெப்பம் சிப்பி தாங்கும் எல்லையைத் தாண்டியது. அதன் மேல் ஆறும் ஓடைகளும் கொண்டுவந்த நன்னீரும் சேறும் வளைகுடாவில் இறங்கின. கடன் வாங்கி விதைச் சிப்பி போட்ட மீனவக் குடும்பங்கள் ஒரு பருவத்தில் எல்லாவற்றையும் இழந்தன. ஒரே உயிர், ஒரே வெந்நீர். ஓரிடத்தில் செல்வம், இன்னோரிடத்தில் கடன்.

செச்சுராப் பாலைவனத்தில் வெள்ளநீர் தேங்கி ஓர் ஏரியே உருவானது. 1998-இலும் அப்படித்தான், அப்போது அது சில மாதம் பெருவின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்தது. கடலில் தொழில் போன மீனவர்கள் படகை அந்த ஏரிக்குக் கொண்டுபோய் மடவையும் திலேப்பியாவும் பிடித்தார்கள்.

ஓர் ஊரில் நீர் சூடானால் எதைப் பார்ப்பது

குளிர்க் கடல் ஊர் ஒன்றில் நீர் திடீரென்று சூடானதும் மக்கள் உடனே தேடுவது பக்கத்துக் காரணத்தை. ஆலைக் கழிவுநீர், கடலடி எரிமலை, நிலநடுக்கத்தின் முன்னறிகுறி என்று பேச்சு போகும். அதைக் கேலி செய்யக் கூடாது, சோதிக்க வேண்டும். ஆலை நீரின் சூடு வெளியேறும் வாயிலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவாது. ஆழம் குறைந்த உள்வளைகுடா ஒன்று வெயிலில் மட்டும் சூடானால் இரவில் குறையும், வெளிக்கடலில் தெரியாது. எரிமலை போன்ற அடிக்காரணம் என்றால் அடியில் வெப்பம் கூடுதலாக இருக்கும். 2017-இல் போன்ற நிகழ்வில் மேலே வெப்பம், கீழே போகப் போகக் குளிர். நீரின் உப்பையும் பார்க்க வேண்டும். உப்புக் குறைந்திருந்தால் அந்த நீர் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. கடந்த மூன்று வாரம் கரைக் காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசியது என்ற ஒரு பதிவு, பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

2017-க்கு மிக நெருங்கிய முன்னிகழ்வு 1925. அந்த ஆண்டும் வெப்பம் பிப்ரவரி, மார்ச்சில் வந்தது. அந்த ஆண்டும் நடுப் பசிபிக்கில் எல் நினோ இல்லை. கடற்பறவைகளை ஆராய வந்திருந்த அமெரிக்கப் பறவையியலாளர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபி அதைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தார். மீன் ஆழத்துக்குப் போனதால் பறவைகள் பட்டினி கிடந்து கரையில் செத்து ஒதுங்கின. ட்ருஹியோவில் அந்த மார்ச்சில் மட்டும் ஏறத்தாழ 390 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் பெய்ததை எல்லாம் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் வரும். 92 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை என்பதால் அரிதானது என்று சொல்லிவிடலாம். ஆனால் 2023-இல் கரை மீண்டும் சூடேறியது. மார்ச்சில் யாக்கு என்று பெயரிடப்பட்ட சூறாவளி வட பெருவுக்கு அப்பால் உருவாகிக் கனமழை கொடுத்தது. அந்தக் கடலில் சூறாவளி உருவாவது அபூர்வத்திலும் அபூர்வம்.

இந்த இரண்டு அண்மை நிகழ்வுகளும் பிறகு எதிரெதிர் திசையில் போயின. 2017-இல் கரை மே மாதத்துக்குள் குளிர்ந்தது. ஆண்டின் கடைசியில் பசிபிக்கில் லா நினா உருவானது. 2023-இல் கரையின் வெப்பம் தங்கியது. அதே ஆண்டில் பசிபிக் முழுவதும் வலுவான எல் நினோ பரவி 2024 வரை நீடித்தது. கரை சூடாகிவிட்டது என்பதற்காக நடுக்கடலும் சூடாகும் என்று சொல்லிவிட முடியாது. நடுக்கடல் அமைதி என்பதற்காகக் கரையும் அமைதி என்று இருந்துவிடவும் முடியாது. பெருவின் குழு இரண்டுக்கும் தனித்தனியே அறிக்கை தருகிறது. சிக்காமாவின் வெப்பமும், கரைக் காற்றின் வேகமும், கிழக்கு நோக்கி வந்துகொண்டிருக்கும் கெல்வின் அலையும் அந்த அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் இடம்பெறுகின்றன. வட கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஓடை தூர்வாருவது முதல் மீன்பிடித் தடை வரை முடிவெடுக்க வேண்டியவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.